கண்ணம்மாள் எடுக்காத போன்

தேன்பாறை எஸ்டேட் ஆபீசின் போனை இருபத்துநாலு வருஷம் தினமும் துடைத்தவள் கண்ணம்மாள். ஒருநாள்கூட அதை எடுத்துக் காதில் வைத்ததில்லை. காலையில் கூட்டி முடித்ததும் ஈரத்துணியால் மேஜையைத் துடைப்பாள், நாற்காலியைத் துடைப்பாள், கடைசியாகப் போனுக்கு வருவாள். குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடாமல் முகம் துடைப்பதுபோல மெல்லத் துடைத்து, மேலே பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்திவிட்டு நகர்ந்துவிடுவாள்.

"அது கடிச்சுப்போடாது கண்ணம்மா" என்பார் ரைட்டர் லூர்துராஜ்.

"கடிச்சதப் பாத்திருக்கறனுங்க" என்பாள் அவள்.

பார்த்துத்தான் இருந்தாள். எழுபத்தொன்றில், அவளுக்குப் பதிமூன்று வயது. நிழல்மரத்துக்குக் கிளை கழிக்க ஏறிய அப்பா கிளையோடு விழுந்தார். எஸ்டேட் லாரியில் படுக்கவைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள், தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் அம்மா கிடக்க, சேதி தெரிந்துகொள்ளக் கண்ணம்மாள் ஆபீஸ் வராந்தாவில் நின்றிருந்தாள். உள்ளே போன் அடித்தது. அப்போதிருந்த ரைட்டர் வேலையாட்களின் பேர்க்கணக்கு எடுக்கக் காப்பி காயவைக்கும் களத்துப் பக்கம் போயிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஓடிவந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, கால் மண்ணைத் துடைத்து, உள்ளே போய் எடுத்தார். கேட்டார். கேட்டுக்கொண்டே திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு போனின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "அம்மா எங்க கண்ணு?" என்றார்.

அந்த நாளிலிருந்து அவளுக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. போன் அடித்துக்கொண்டிருந்த வரைக்கும் அப்பா இருந்தார். எடுத்ததும் இல்லாமல் போனார். இது அறியாத பிள்ளையின் கணக்கு என்று வளர்ந்தபின் அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்வது? போன் அடித்தால் வாசல் பக்கம் நகர்ந்துவிடுவது நிற்கவில்லை.

அவளை ஆபீஸ் வேலைக்கு வைத்தபோது அதைச் சொல்லி மறுக்க வாய் வரவில்லை. லயத்துப் பெண்களுக்கு மழையில் நனையாத வேலை கிடைப்பது அபூர்வம். சேர்ந்துகொண்டாள். இரண்டு வருஷம் கழித்து எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற சித்தனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மகள் சரஸ்வதி பிறந்தாள். காப்பி மூட்டையோடு சித்தன் சேலத்துக்கு இறங்குகிற நாளெல்லாம் அவள் திரும்பத் திரும்ப வளைவுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இருபது வளைவு. மழைக்காலத்தில் ஒவ்வொன்றும் ஒரு வாய்.

சித்தன்தான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். எக்ஸ்சேஞ்சில் கேட்காமல் நம்பரைச் சுழற்றி மலைக்கு நேராகப் பேசும் வசதி வந்திருந்த சமயம் அது.

"கீழ போய்ச் சேந்ததும் நான் ஆபீசுக்கு ரெண்டே ரெண்டு ரிங் விட்டு வெச்சர்றேன். நீ எடுக்காத. எடுத்தா அங்க பூத்துல மீட்டர் ஓடும். கேட்டாப் போதும்."

"எடுக்கவே வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம்."

எடுக்க வேண்டாத போன்! கண்ணம்மாளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சித்தனுக்குத் தெரியாது. மதியம் பன்னிரண்டரைக்குத் துணிக்கு அடியில் போன் இரண்டு முறை அடித்து அடங்கும். அவள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பாள்.

இந்தச் சங்கதி லயம் முழுவதும் பரவிற்று. ஆத்தூர் மில்லில் இருக்கிற வெள்ளையம்மாளின் மகன், ஊருக்கு வருவதானால் முந்தின நாள் ஒரு ரிங் விட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு ரிங் விடுவான். சேலத்து ஹாஸ்டலில் படிக்கிற பிள்ளைகள் மூன்று விடுவார்கள். அரிசி முறுக்கு கொடுத்து அனுப்பு என்று அர்த்தம். நாலு என்றால் உடம்பு சரியில்லை, யாராவது வா. இன்ன நாள் இன்ன நேரத்துக்கு யாருடைய ரிங் வரும், எத்தனை வந்தால் என்ன என்பதெல்லாம் கண்ணம்மாளின் தலையில் இருந்தது. எழுதிவைக்கவில்லை. ஒருநாளும் தவறியதும் இல்லை. புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர் விவரம் தெரியாமல் முதல் ரிங்கிலேயே எடுத்து "ஹலோ" என்று சொல்லிவிட, வராந்தாவில் நின்றிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

"எடுக்காதீங்க சாமி!"

"என்னம்மா இது, போன்னா எடுக்கறதுக்குத்தானே?"

"நீங்க எடுத்துப்போட்டீங்க, இனி வெள்ளையம்மா மகன் வாரானா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா? நாளைக்கு அவன் வந்து நின்னா நீங்கதான் கோழிக்கொழம்பு வெக்கோணும்" என்றாள் கண்ணம்மாள்.

அந்த ஆபீசில் போனை எடுக்கிற உரிமை ரைட்டருக்கு மட்டும்தான். அவரும் நாலு ரிங் தாண்டினால்தான் எடுப்பார். தாண்டினால் அது தொரைமார் போன்.

தொண்ணூற்றொன்பதில் சின்னதொரை ஜேசுதாஸ் இரண்டு செல்போன் வாங்கினார். ஒன்று தனக்கு, இன்னொன்று ஜீப்புக்கு. சித்தன் அதை ஒரு தோல் உறையில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொண்டு, நடையே கொஞ்சம் மாறிப்போனான். எஸ்டேட்டில் அது வேலை செய்யாது. களத்துக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏறினால் ஒரு கோடு தெரியும், ஆள் திரும்பினால் மறையும். மலைச்சரிவில் சமவெளி கண்ணுக்குப் படுகிற இடங்களில் மட்டும் நன்றாக வரும். பேசினால் அறுந்து அறுந்து போகும். எழுத்தாக அடித்து அனுப்பினால் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். அது சின்னதொரைக்கு மிகவும் பிடித்திருந்தது.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சரஸ்வதிதான் அப்பனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தாள். அவள் பத்தாவது வரை படித்தவள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான்.

"இத மூணு தரம் அமுக்கோணும்ப்பா. அப்பத்தான் அந்த எழுத்து வரும்."

"மூணு தரம் அமுக்கறதுக்குள்ள மூணாவது வளைவே தாண்டிப்போயிருவேன் கண்ணு."

கடைசியில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பழகிக்கொண்டான். போய்ச் சேர்ந்தேன் என்று அர்த்தம். சேலம் போனதும் அதைச் சின்னதொரைக்கு அனுப்புவான். அவர் பங்களாவில் இருந்தால் பாறைப் பக்கம் போகும்போது பார்த்து, ரைட்டரிடம் சொல்லுவார். ரைட்டர் கண்ணம்மாளிடம் சொல்லுவார். இரண்டு ரிங்கில் வந்துகொண்டிருந்த சேதி இப்போது இரண்டு பேர் வாய் வழியாக, சில நாள் சாயங்காலம் ஆகி, வந்தது.

"ரிங்கும் விடுங்களேன்" என்று அவள் கேட்டாள்.

"அதான் மெசேஜ் போகுதே. இன்னும் பூத்துல போய் லைன்ல நிக்கச் சொல்றியா?" என்று சிரித்தான் சித்தன். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "விடறேன், விடறேன்" என்றான். சில நாள் விட்டான். சில நாள் மறந்தான்.

அந்தக் கார்த்திகையில் நாலு நாளாக மழை விடவில்லை. சரஸ்வதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். மாரமங்கலத்தில் இருக்கிற அக்காவிடம் விளக்கெண்ணெயும் பேறுகாலத்து மருந்துச் சாமானும் வாங்கிவரக் கண்ணம்மாள் முதல் பஸ்ஸுக்குப் போனாள். "மத்தியானத்துக்கே வந்திர்றேன் அம்மிணி" என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். சொன்னபடி வரவும் செய்தாள். மஞ்சக்குட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்து எஸ்டேட் வாசலுக்கு வந்தபோது, ரைட்டர் குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருந்தார். குடை பிடித்துக்கொண்டு அவர் யாருக்காகவும் நின்றதில்லை.

"பதறாத கண்ணம்மா. புள்ளைக்கு வலி எடுத்துருச்சு."

"எங்கீங்க அவ?"

"வீராயி வந்து பாத்தா. கொழந்தை குறுக்க நிக்குது, இங்க ஆகாது, கீழ ஆஸ்பத்திரிக்குத்தான்னு சொல்லிட்டா. சித்தன் உடனே ஜீப்பை எடுத்துட்டான். வீராயியும் கூடப் போயிருக்கா. பதினொன்னுக்குக் கெளம்பினாங்க. உன்னை ஆபீசுலயே இருக்கச் சொன்னான். ரெண்டு ரிங் கண்டிப்பா விடறேன்னு சொல்லச் சொன்னான்."

வேலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடத்து ஆயா வீராயி. லயத்தில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அவளே ஆகாது என்று சொல்லிவிட்டாளா?

மணி அப்போது பன்னிரண்டு. பன்னிரண்டரைக்கு ரிங் வரவேண்டும். மழையானால் ஒன்று. கண்ணம்மாள் நனைந்த சேலையோடு ஆபீஸ் மூலையில் உட்கார்ந்தாள். எண்ணெய்ப் புட்டி மடியிலேயே இருந்தது. போனின் மேலிருந்த பூத்துணியை எடுத்துவிட்டாள். துணி சத்தத்தை அமுக்கிவிடுமோ என்று இருபத்துநாலு வருஷத்தில் முதல்முறையாகத் தோன்றிற்று.

ரிங் வரவில்லை. அதற்குப் பதில் மலைமேல் டவுனிலிருந்து பால்வண்டிக்காரன் சேதி கொண்டுவந்தான். சேலம் ரோட்டில் பெரிய சரிவு. பதினேழாம் வளைவுக்குக் கீழே மலையே இறங்கி வந்திருக்கிறது. ஒரு ஜீப்பு உள்ளே மாட்டியிருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், பஸ் என்று சிலர் சொல்கிறார்கள்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் ரைட்டர்.

"பதினொன்னரை இருக்கும்னாங்க."

யாரும் கண்ணம்மாளைப் பார்க்கவில்லை. அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்தது. பதினொன்றுக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்கு அந்த வளைவு. அவள்தான் எத்தனை வருஷமாக எண்ணியிருக்கிறாள்!

லூர்துராஜ் எஸ்டேட் லாரியில் ஆம்பிளைகள் எல்லாரையும் ஏற்றினார். கடப்பாரை, மண்வெட்டி, கயிறு.

"நானும் வாரனுங்க."

"நீ இங்கயே இரு. ஒருவேளை அவன் முன்னாடியே தாண்டிப் போயிருந்தான்னா ரிங் இங்கதான் வரும். கேக்கறதுக்கு ஆள் வேணாமா? அது உனக்குத்தான தெரியும்?"

லாரி போயிற்று. ஆபீசில் அவளும் போனும் மட்டும்.

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ரிங் அந்தச் சத்தத்தில் தவறிவிடுமோ என்று நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அதில் உட்காரத் துணியாமல் தரையில் உட்கார்ந்து, நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. சரஸ்வதி சின்னப்பிள்ளையில் மழைக்குப் பயந்து முந்தானைக்குள் நுழைந்துகொள்வாள். மாரமங்கலத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் இப்போது ஜீப்பில் அவள் தலை என் மடியில் இருந்திருக்கும் என்று நினைத்தாள். அந்த மண்ணுக்கு அடியில் என்றாலும் மடியில்தான் இருந்திருக்கும். அந்த நினைப்பு வந்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

இரண்டு அடித்துக் கொஞ்ச நேரம் இருக்கும். போன் அடித்தது.

ஒன்று.

இரண்டு. கண்ணம்மாள் எழுந்தே விட்டாள். போதும், நின்றுவிடு சாமி, நின்றுவிடு.

மூன்று.

நாலு. ஐந்து. ஆறு. அவள் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். ஏழு. இது யாருடைய கணக்கும் இல்லை. எட்டு, ஒன்பது. இந்தச் சத்தத்தை அவள் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. எடுக்கிறவர் களத்திலிருந்து ஓடிவந்தார். இப்போது ஓடிவர யாரும் இல்லை. பதினைந்தில் நின்றது.

நின்றதும் முதலில் வந்தது நிம்மதிதான். அதற்காகப் பின்னாளில் அவள் நெடுநாள் வெட்கப்பட்டாள். எடுக்கவில்லை, ஆகவே ஒன்றும் ஆகவில்லை. சரஸ்வதி இருக்கிறாள்.

மறுபடி அடித்தது. அவள் கதவுவரை போய்விட்டாள். வராந்தாவில் இறங்கி மழையில் நின்றால் கேட்காது. ஒரு காலை வெளியே வைத்தும் விட்டாள். பதினெட்டு வரை அடித்து அடங்கியது. மழையில் நின்றபடி, அடங்கிய போனைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் இன்னொரு பயம் வந்தது. சேதி சொல்ல வருகிறவன் ஒருமுறை அடிப்பான். இப்படி விடாமல் அடிக்கிறவன் எதையோ கேட்கிறான். கேட்டு, பதில் இல்லாமல், அவன் அலுத்து விட்டுவிட்டால்?

மூன்றாம் முறை அடித்தபோது கண்ணம்மாள் கையைச் சேலையில் துடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். எடுத்தாள்.

"ஹலோ! ஹலோ! யாரது? ஏன் யாருமே போனை எடுக்கல? எத்தனை தரம் அடிக்கறது? ரைட்டர் எங்க?"

சின்னதொரையின் குரல். கோயமுத்தூருக்குப் போயிருந்தார் அவர்.

"நான்... கண்ணம்மாளுங்க."

அந்தப் பக்கம் சட்டென்று சத்தம் நின்றது. அந்த மௌனம் அவளுக்குத் தெரியும். அங்கே ஒரு உள்ளங்கை போனின் வாயைப் பொத்துகிறது என்று அவள் நினைத்தாள்.

"சொல்லிருங்க தொரை" என்றாள். "எதுன்னாலும் சொல்லிருங்க."

"ஐயோ, இல்ல, இல்ல! உசிரோட இருக்கறாங்க. மூணு பேரும் உசிரோட இருக்கறாங்க. சித்தன் செல்லுலருந்து மெசேஜ் வந்திருக்குது. உம் பொண்ணுதான் அடிச்சிருக்கா போல. கேட்டுக்க, படிக்கறேன். குப்பனூர் ரோடு. முன்னாலயும் பின்னாலயும் மண் விழுந்துருச்சு. நடுவுல மூணு பேரு நிக்கறோம். வலி அதிகம். ஆள் அனுப்புங்க."

"குப்பனூர் ரோடுங்களா?"

"ஆமா. சேலம் ரோட்டை மூடிட்டாங்கன்னு, கீழ எறங்கற இன்னொரு ரோட்டுக்குத் திருப்பியிருப்பான். பேச முயற்சி பண்ணேன், கெடைக்கல. ரைட்டரைக் கூப்பிடு, உடனே ஆளுங்களோட..."

"ரைட்டரும் ஆம்பளைங்க எல்லாரும் சேலம் ரோட்டுக்குப் போயிட்டாங்க தொரை. அங்க தோண்டிட்டு இருப்பாங்க."



"அப்ப அங்க யாரு இருக்கறா?"

"நாங்க இருக்கறமுங்க" என்றாள் கண்ணம்மாள்.

கீழே குப்பனூர்ப் பக்கமிருந்து ஒரு வேன் வர ஏற்பாடு செய்வதாகச் சொன்னார் அவர். மேலிருந்து யாராவது போய்ச் சரஸ்வதியைக் கீழ்ச்சரிவு தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். தானும் திரும்பத் திரும்பப் போன் செய்வதாகச் சொன்னார். "யாராச்சும் எடுங்க. தயவு பண்ணி எடுங்க" என்றார்.

லயத்துக்கு ஓடினாள். ஒன்பது பெண்கள் வந்தார்கள். மண்வெட்டிகளை ஆம்பிளைகள் கொண்டுபோயிருந்தார்கள். களைக்கொத்து, கொடுவாள், ஒரு உடைந்த கடப்பாரை, பிள்ளைமடத்திலிருந்து கயிற்றுக் கட்டில் ஒன்று. முழங்கால் வலியால் இறங்க முடியாத வெள்ளையம்மாளை ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"அடிச்சா எடு."

"நானா? எனக்கு ஒதறுது கண்ணம்மா."

"எனக்குந்தான் ஒதறுச்சு. எடு."

எஸ்டேட்டின் கீழ்க்கோடியில் மிளகுக்கொடிகளுக்கு நடுவே குப்பனூர் ரோட்டுக்கு ஒரு குறுக்குப்பாதை இறங்கும். அன்று அது பாதையாக இல்லை, ஓடையாக இருந்தது. ஒருத்தி சேலையை ஒருத்தி பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். காலெல்லாம் அட்டை. உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்ன எழுத்து எப்போது அடித்தது? சின்னதொரையிடம் அதைக் கேட்கவில்லையே என்று பாதி வழியில் அவளுக்கு உறைத்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னாலா? இரண்டா? எழுத்துக்கு மூச்சு இல்லை. அனுப்பியவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அப்படியே இருக்கும்.

அப்போது மழைக்குள்ளிருந்து ஒரு சத்தம். ஹாரன்.

ஒன்று. இரண்டு. நின்றது.

"கேட்டீங்களா?" என்று கண்ணம்மாள் கட்டிலைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

கொஞ்ச இடைவெளி. மறுபடி இரண்டு. நின்றது.

ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு சித்தன் ரிங் விட்டுக்கொண்டிருந்தான். ஆபீஸ் போனுக்கு எட்டாது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் விட்டுக்கொண்டிருந்தான். பெண்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கி இறங்கினார்கள். ரோடு கண்ணுக்குப் படுகிற சமயத்தில் ஹாரன் நின்றுபோயிற்று. எண்ணிக்கொண்டே இருந்த கண்ணம்மாளுக்கு அடுத்த இரண்டு வரவில்லை. வரவே இல்லை. கடைசி மேட்டிலிருந்து அவள் இறங்கவில்லை, விழுந்தாள்.

"நாந்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள் வீராயி, ஜீப்பின் பின்படுதாவை விலக்கிக்கொண்டு. "வலில துடிக்கறவ காதுக்குள்ள பீம் பீம்னு! நீ என்னடி கண்ணம்மா, உருண்டு வார?"

உள்ளே சரஸ்வதி பற்களைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். செல்போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"அம்மா, போச்சா? அது போச்சான்னே தெரீல. ரெண்டு வலிக்கு நடுவுலதான் ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன்."

"வந்துருச்சு கண்ணு. வந்துருச்சு" என்றாள் கண்ணம்மாள்.

கீழ்ச்சரிவில் மண்ணோடு இரண்டு சில்வர் ஓக் மரங்களும் கிடந்தன. கொடுவாளால் கிளையை வெட்டி, களைக்கொத்தால் படி செதுக்கி, கட்டில் போகிற அளவுக்கு வழி செய்ய ஒரு மணி நேரம் ஆயிற்று. மேலே மண் இன்னும் சிறிது சிறிதாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கல் உருளும்போதும் எல்லாரும் நின்று மேலே பார்த்துவிட்டுத் திரும்ப வெட்டினார்கள். கட்டிலின் தலைமாட்டைச் சித்தனும் கால்மாட்டைக் கண்ணம்மாளும் பிடித்தார்கள். அப்பால், இரண்டு வளைவுக்குக் கீழே, விளக்கைப் போட்டுக்கொண்டு வேன் நின்றது.

சேலத்து ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் எடுத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்த நர்ஸ், கண்ணம்மாளின் முகத்தைப் பார்த்து, மீதியைச் சொல்லவில்லை. பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

சித்தன் வராந்தாவில் செல்போனை நீட்டினான்.

"ஆபீசுல எல்லாரும் காத்துட்டு இருப்பாங்க. ரெண்டு ரிங் விட்டு வெச்சரட்டா?"

கண்ணம்மாள் யோசித்தாள். சேலம் ரோட்டிலிருந்து ஆம்பிளைகள் திரும்பியிருப்பார்கள். லயமே அந்த மேஜையைச் சுற்றி நிற்கும். போன் அடிக்கும். யாராவது ஒருத்தர் கையைத் துடைத்துக்கொண்டு எடுப்பார். எடுக்கிற அந்த நொடி எப்படி இருக்கும் என்று இன்றைக்கு அவளுக்குத் தெரியும்.

"போட்டுக் குடுங்க, நான் பேசறேன்."

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்கள். லூர்துராஜ்தான். ஹலோ என்று சொல்லக்கூட அவருக்குக் குரல் எழும்பவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"நல்ல சேதிங்க ரைட்டரே" என்றாள் கண்ணம்மாள், யார் பேசுவது என்றுகூடச் சொல்லாமல். "நல்ல சேதி. அப்பறம் சொல்றேன் மத்ததெல்லாம். முதல்ல உக்காருங்க."

அதன்பிறகு தேன்பாறை எஸ்டேட்டுக்குப் போன் பண்ணுகிறவர்கள் ஹலோ சொல்வதில்லை. எடுத்ததும் "நல்ல சேதிங்க" என்பார்கள். பெயரும் ஊரும் பிறகுதான். முறுக்கு வேண்டுமென்கிற ஹாஸ்டல் பிள்ளையும் அதையே சொல்லும். திருப்பூரிலிருந்து மருமகனும் அதையே சொல்லுவான். ரிங்கை எண்ணுகிற வழக்கம் அந்த மார்கழியோடு நின்றுபோயிற்று. அடித்ததும் எடுக்கிறார்கள். எடுக்கிறவள் பெரும்பாலும் கண்ணம்மாள்தான்.

குழந்தையைப் பார்க்க ஆபீஸ் வராந்தாவுக்கு வந்தபோது சின்னதொரை அவளைச் சீண்டினார்.

"எல்லாம் சரி கண்ணம்மா. கெட்ட சேதியா இருந்தா என்னன்னு சொல்றது?"

அவள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அதுக்கு ஆள் அனுப்புங்க தொரை. நடந்து வந்து சொல்லட்டும்" என்றாள்.

உள்ளே போன் அடித்தது. குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடினாள்.